திரும்பி வராத பெட்டி

"எங்கையடி என்ரை ஏழு ஓடு?"

பகல் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கை கழுவப் போயிருந்த நேரம். சோதனை மேசையில் நான் மட்டும் நின்று நீல விளக்கை அணைத்துக்கொண்டிருந்தேன். தலையில் வலைத் தொப்பியோடும் இடுப்பில் ஈர ஏப்பிரனோடும் பிலோமினா அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவளுக்கு அது கூடவா தெரியாது? பூசை நேரத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவளிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார். 

"என்ன ஏழு ஓடு, அக்கா?"

"காலமை தந்த முதல் பெட்டிக்கை, நீ திருப்பி அனுப்புறியோ எண்டு பாக்க, நான்தான் ஏழு ஓடு போட்டு வைச்சனான். எண்ணிப் போட்டனான். பெட்டி எனக்குத் திரும்பி வரேல்லை. அப்ப அந்த ஏழும் எங்கை?"

ஏழு நண்டு ஓடுகளும் என் ஏப்பிரன் பைக்குள் இருந்தன. குப்பைக் கூடையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பைக்குள் போட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் கடலில் கொட்டிவிடுவது என் வழக்கமாகியிருந்தது.

நடுவிலிருந்து தொடங்கிவிட்டேன், தெரியும். 'நீங்கள் எதையுமே ஒழுங்காகத் தொடங்க மாட்டீர்களா' என்று போன கிழமை இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். மாட்டேன், பிள்ளை. ஐம்பது வயதுக்குப் பிறகு ஒழுங்கு பழக எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் இந்த ஓட்டு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

மிளகாய் போடாத நண்டு

நான் வேலை செய்யும் இடம் கடற்கரையோரத்து நண்டுச் சதைக் கொம்பனி. பெயர் வேண்டாம், இன்னமும் எனக்குச் சோறு போடுகிற இடம்.

என் சின்ன வயதில் நண்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அப்பாவின் வலையில் நண்டு சிக்கினால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஏச்சு விழும். வலையை அறுத்துவிடும் சனியன் என்பார். அம்மா அதைக் காய்ச்சல்காரருக்குச் சாறு வைத்துக் கொடுப்பார். இப்போது அந்தச் சனியனுக்கென்றே தனி வலை போடுகிறார்கள். விடிய வந்து இறங்கும் நண்டை அவித்து, ஐஸில் ஆறவைத்து, நீள எவர்சில்வர் மேசையில் குவித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் இருந்து உடைத்துச் சதை எடுப்பார்கள். அது பேணியில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகும். அங்கே உருண்டை பிடித்துப் பொரித்துத் தின்பார்களாம். ஒரு மிளகாய்கூடப் போடமாட்டார்களாம். பாவங்கள்.

சதை எடுப்பது பெரிய வேலை இல்லை. ஓடு இல்லாமல் எடுப்பதுதான் வேலை. நண்டுக்குள் நகத்துண்டு மாதிரி மெல்லிய ஓடுகள் இருக்கும். நிறமும் சதையின் நிறம். கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. விரல் நுனிக்குத்தான் தெரியும். அதற்காகவே கடைசித் தடவலுக்குக் கையுறை போடமாட்டோம். மருந்துத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வெறும் விரலால்தான் தடவுவோம்.

எங்கள் மேசைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. பெட்டி நிறைந்ததும் சதையைத் தட்டில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவிக்கொண்டே பத்து 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்வோம். பத்து முடிந்தால் பெட்டி முடிந்தது. யார் தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. சைவக்காரப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த தேவாரத்தை முணுமுணுப்பார்கள். அதற்கும் அதே நேரம்தான் எடுக்கும். ஒருமுறை பார்வையிட வந்த வெள்ளைக்காரர், இவர்கள் வாய்க்குள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் மனேஜர் நீர்வேலிக்காரர், காலையில் திருநீறு பூசாமல் வாசலைத் தாண்டமாட்டார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "தரக் கட்டுப்பாடு" என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரரும் எழுதிக்கொண்டு போனார்.

தடவிய பெட்டி என்னிடம் வரும். நான் நீல வெளிச்சத்தில் பார்ப்பேன். அந்த வெளிச்சத்தில் ஓடு பளிச்சென்று தெரியும். ஓடு இருந்தால் பெட்டியின் இலக்கத்தை எல்லாருக்கும் கேட்கக் கூப்பிடுவேன். அந்த இலக்கக்காரி எழும்பி, கொட்டிலின் முழு நீளத்துக்கும் நடந்து வந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டும். தண்டனை அவ்வளவுதான். ஆனால் அந்த நடைக்குப் பயந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிலோமினா அக்கா நாலாம் இலக்கம். கொம்பனி தொடங்கிய நாளிலிருந்து மேசையில் இருந்தவர். ஒரு நாளும் நடந்ததில்லை.

பத்து இருபதானது

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. என்னைவிட இரண்டு வயது மூப்பு. தகப்பன் கடலில் மாண்டுபோனதால் பதினாலு வயதிலேயே கருவாடு காயவைக்கப் போனவர். பிறகு இறால் கொட்டில். மகளைப் பெற்று ஒரு மாதம் முடியுமுன் திரும்பவும் இறால் கொட்டிலில் நின்றார். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன இடத்தில் அப்பம் சுட்டு விற்றார். நாங்கள் மற்றவர்கள் மரத்தடியில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது அவர் மாவுக்கு எங்கே போகலாம் என்று விசாரித்துக்கொண்டு திரிந்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவரது அப்பத்தைத்தான் தின்றார்கள்.

கொம்பனியில் ஐம்பத்தைந்து முடிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். மாலை போட்டு, ஒரு சுவர் மணிக்கூடு கொடுத்து, மனேஜர் நாலு வார்த்தை பேசுவார். அக்காவுக்கு மணிக்கூடு பெரிசில்லை. "ஒரு நாளும் நடக்காமல் முடிச்சிட்டுப் போகோணும், ரெஜினா. அது மட்டும்தான் எனக்கு வேணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது.

ஒரு நாள் சோதனை மேசையிலிருந்து பார்க்கிறேன், அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. மற்றவர்கள் பெட்டியை மூடிவிட்டார்கள். அவர் இன்னும் கண்ணை மூடியபடி தடவுகிறார். நான் வாய்க்குள் எண்ணிப் பார்த்தேன். பத்து போய், இருபது. அடுத்த பெட்டிக்கும் இருபது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் நெற்றி வேர்த்திருந்தது, அந்த ஐஸ் குளிரில்!

அதே கிழமைதான் அவர் பெட்டியில் முதல் ஓடு பளிச்சிட்டது. என் கண்தான் பிழை என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு; அவர் கையைப் பார்த்த பிறகு கூப்பிடலாம் என்று எடுத்துவைத்தேன்.

பின்னேரம் உடுப்பு மாற்றும் அறையில் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுட்டுவிரல் நுனியில் பெரிய கொப்புளம்.

"இதென்ன அக்கா?"

"எது?" என்று விரலைத் திருப்பிப் பார்த்தார். "ஓ... தாச்சியிலை பட்டிருக்கும் போலை."

தாச்சிச் சட்டி சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு வெகுநாளாக இருந்த சலரோகம், அந்த நீரிழிவு, விரலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். 

அடுத்த நாள் நான் "நாலு" என்று கூப்பிட்டிருக்கவேண்டும். வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஓட்டை நானே எடுத்துப் பைக்குள் போட்டேன். ஒரு நாள் என்று தொடங்கியது மூன்று மாதம் ஓடியது. அவர் பெட்டி வந்தால் திரும்பவும் தட்டில் கொட்டி, நானே தடவி, நானே விளக்குப் பிடித்து, சுத்தமாக்கி அனுப்பினேன். பெரிய புண்ணியம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு! ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கும்போது மாதா என்னைப் பார்த்துச் சிரிப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது. எவ்வளவு விசர் பாருங்கள்.

"நாலு!"

இப்போது அந்தப் பகல் நேரத்துக்குத் திரும்பி வருகிறேன்.

பையிலிருந்து ஏழையும் எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா குனிந்து எண்ணினார்.

"எவ்வளவு நாளா?"

"மூண்டு மாசம்."

 அக்கா நிமிர்ந்து சொன்னார்: "மூண்டு மாசமா, இன்னும் வேலை செய்ய ஏலுது, இன்னும் ஏலுது எண்டு மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வீட்டை போனனான். நீ என்னைக் கொண்டு மாதாவுக்கே பொய் சொல்லுவிச்சுப்போட்டாய்."

"ரெண்டு வருசம்தானே அக்கா. நான் பாத்துக்கொள்ளுவன். ஒருத்தருக்கும் தெரியாது."

"நீ ஒரு நாள் காய்ச்சலிலை படுத்தால்? அந்த ஓடு ஆற்றையேன் பிள்ளையின்ரை தொண்டைக்கை போனால்?" குரல் அப்போதும் உயரவில்லை. "அந்த ரெண்டு வருசத்தை எனக்குப் பிச்சை போட நீ ஆரடி?"

 

அக்கா அந்த ஏழு ஓட்டையும் எடுத்துத் சோதனைக்காகக் காத்திருந்த தன் அடுத்த பெட்டிக்குள் திரும்பவும் போட்டார். பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"மணி அடிச்ச பிறகு கூப்பிடு. எல்லாருக்கும் கேக்கக் கூப்பிடு."

"அக்கா, உங்களைக் கும்பிட்டன்..."

"கூப்பிடு எண்டுறன்."

மணி அடித்தது. பெண்கள் வந்து இருந்தார்கள். கத்திகளின் சத்தமும் வானொலியும் தொடங்கின. நான் பெட்டியைத் திறந்து விளக்கைப் பிடித்தேன். ஏழும் பளபளத்தன. "நாலு" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அக்கா தன் இடத்திலிருந்து என்னைப் பார்த்தார். திரும்பவும், தொண்டை கிழிய, "நாலு!" என்று கத்தினேன்.

கத்திகள் நின்றன. யாரோ வானொலியை நிறுத்தினார்கள்.

பிலோமினா அக்கா எழும்பினார். ஏப்பிரனை இழுத்துச் சரிசெய்தார். அந்த நீளக் கொட்டிலை, ஒரு பக்கமும் பார்க்காமல், அவசரப்படாமல் நடந்து வந்தார். அரசியல்வாதிகள் நடந்து பார்த்திருக்கிறேன், ஆயர் நடந்து பார்த்திருக்கிறேன். அப்படியொரு நடையை நான் பார்த்ததில்லை. பெட்டியை எடுத்தார். மேசைக்குத் திரும்பவில்லை. நேரே மனேஜரின் அறைக்குப் போனார்.

கதவு திறந்துதான் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"சேர், என்ரை விரல் செத்துப்போச்சு. இதிலை ஏழு ஓடு கிடக்கு. என்னை நிப்பாட்டுங்கோ."

மனேஜர் நல்ல மனிதர். பதறிப்போனார். "பிலோமினா அக்கா, ரெண்டு வருசம்தானே கிடக்கு. லேபிள் ஒட்டுற இடத்திலை இருங்கோ. இல்லாட்டி வாசலிலை கதிரை போட்டுத் தாறன், வாறவையின்ரை பேரை எழுதுங்கோ. சும்மா இருந்தாலும் போதும்."

"சும்மா இருக்கிறதெண்டா என்ரை வீட்டிலை இருக்கிறன், சேர்."

என்னைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று ஒரு கிழமை காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. மாலையும் மணிக்கூடும் இல்லாமல், அக்கா சாப்பாட்டுப் பெட்டியையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டார்.

கதிரையில் ஒரு பெண்

எங்கள் ஊரில் ஆண்கள் தொழிலை விட்டால் கேள்வியே இல்லை. முதுகு பிடித்தது என்று ஐம்பது வயதில் கரையேறியவர்கள் எத்தனை பேர் வள்ளத்து நிழலில் இருந்து காலையிலிருந்து கடுதாசிச் சீட்டு விளையாடுகிறார்கள்! அவர்களைப் பார்த்து, நீ ஏன் கோழி வளர்க்கக்கூடாது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிலோமினா அக்கா வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பொறுக்குமா ஊருக்கு? ஒரு கன்னியாஸ்திரி தையல் மெசினோடு வந்தார். ஏதோ ஒரு நிறுவனம் இருபது கோழிக்குஞ்சு தருகிறோம் என்றது. கனடாவுக்கு அனுப்ப மிளகாய்த்தூள் இடிக்கலாம் என்றாள் முன்வீட்டுக்காரி. எல்லாருக்கும் ஒரே பதில்: "வேண்டாம்."

"இப்பிடியே இருந்தால் விசராக்கிப்போடும், பிலோமினா" என்றாள் அந்த முன்வீட்டுக்காரி திரும்பவும்.

"நாப்பது வருசம் வேலை செய்து வராத விசர், கதிரையிலை இருந்தோ வரப்போகுது?"

வசதி ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. கணவர் இன்னும் தொழிலுக்குப் போனார். மகள் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் நின்றாள். முன்னைவிட இறுக்கமாகத்தான் வீடு ஓடியது. அதை அவரும் மறைக்கவில்லை. இரண்டு கறி ஒரு கறியானது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அந்தக் கதிரையை விடவில்லை.

நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போவேன். கதிரை தருவார். மீன் வந்ததைப்பற்றி, சுவாமியாரின் பிரசங்கத்தைப்பற்றிக் கதைப்பார். ஆனால் என் முகத்தைப் பார்க்கமாட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தால், "மழை வரப்போகுது, போ" என்பார். எனக்கு ஆத்திரமும் வரும், அழுகையும் வரும். கிழமைதோறும் போனேன். வேறென்ன செய்ய?

கொம்பனியில் நான் பேயாகிவிட்டேன். ஒரு ஓட்டையும் விடவில்லை. சொந்த மச்சாளை ஒரே கிழமையில் மூன்று தரம் நடக்கவைத்தேன். அவள் இன்றைக்கும் என் வீட்டுக்கு வருவதில்லை. ரெஜினாவுக்கு நெஞ்சுக்குள் கல்லுத்தான் கிடக்கிறது என்று பெண்கள் போய்ப் பிலோமினா அக்காவிடம் முறையிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாராம்.

அப்படி ஒரு ஞாயிறு, கையில் சின்னக் கணினிப் பலகையோடு ஒரு உத்தியோகத்தர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வேர்த்து ஒழுகியது. வேலை செய்கிறவர்களின் கணக்கெடுப்பாம்.

"போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தனீங்களோ, அக்கா?"

"இல்லை, தம்பி."

"வேலை தேடினனீங்களோ?"

"இல்லை."

"இப்ப ஆரும் ஒரு வேலை தந்தால் போவீங்களோ?"

"மாட்டன்."

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "காரணம்? வருத்தமெண்டு, நோயெண்டு போடட்டே?"

"வருத்தமெண்டு போடாதேங்கோ. வருத்தத்தோடை எத்தினை பேர் வேலை செய்யினம். நானாத்தான் நிப்பாட்டினனான்."

"அப்பிடியொண்டு இதிலை இல்லை, அக்கா. 'வேறு' எண்டுதான் போடலாம்."

"வேறு எண்டே போடுங்கோ."

நான் எட்டிப் பார்த்தேன். 'பொருளாதார ரீதியாகச் செயற்பாடற்றவர்' என்று கிடந்தது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"செயற்பாடற்றவரோ? ஆர்? இவவோ? பதினாலு வயசிலையிருந்து இந்த மனுசி செய்த வேலையை உம்மடை கந்தோரிலை இருக்கிற அவ்வளவு பேரும் சேந்து செய்வியளோ? அந்தச் சொல்லை முதலிலை அழியும்!"

"அது நான் எழுதின சொல்லில்லை அக்கா" என்றார் பாவம் அந்த மனிதர்.

"விடு ரெஜினா, அந்தத் தம்பி என்ன செய்யும்" என்றார் பிலோமினா அக்கா. அவருக்குச் சிரிப்பு வந்திருந்தது. "செய்யேல்லைத்தானே. சரியாத்தான் எழுதியிருக்கு."

உத்தியோகத்தர் என் கோபத்தைத் தணிக்க நினைத்தாரோ என்னவோ, பலகையை மூடிவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள், அக்கா?"

"நண்டுக் கொம்பனியிலை..." என்று தொடங்கினேன்.  அக்காவுக்கு முன்னால் என் வேலையின் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அக்காதான் சொன்னார், கடலைப் பார்த்துக்கொண்டே.

"பெட்டி சோதிக்கிறவள். இப்ப சரியாச் சோதிக்கிறாள்."

உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவருக்கு என்ன தெரியும்? நான் கதிரையில் இருந்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒழுங்கையில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல், விக்கி விக்கி அழுதேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எடியே, அழுறதெண்டால் கதிரையை இழுத்துக்கொண்டு இஞ்சை பக்கத்திலை வந்திருந்து அழு. எழும்பி அங்கை வர எனக்குப் பஞ்சியாக் கிடக்கு."

சோம்பலாக இருக்கிறதாம், பிலோமினா அக்காவுக்கு! மாதாவே! அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டேன்.